அரிசிக்குள் மூன்று நாள்

மூடிக் கிடக்கும் எதையும் அவரால் மூடியபடியே விட்டுவைக்க முடியாது. அடுப்பில் குழம்பு கொதித்தால் மூடியைத் தூக்கிப் பார்ப்பார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் தூக்குவார். அதற்காகவே அவர் மனைவி மூடியின் மேல் அம்மிக் குழவியை ஏற்றி வைத்திருந்தார். தோட்டத்து லோரி ஒருமுறை பாலத்தடியில் சூடேறி நின்றபோது, ஆறும்வரை பொறுக்காமல் ரேடியேட்டர் மூடியைத் திருகினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்தது. ஆஸ்பத்திரியில் போட்ட கட்டை இரண்டு நாளுக்கு ஒருமுறை தானே அவிழ்த்தார்.

"ஆறுதா இல்லையான்னு பாக்க வேணாமா?" என்றார்.

அந்தப் புண் கோணல் தழும்பாகத்தான் ஆறியது.

மலாயாவில், ஜெராமுக்கும் கோல சிலாங்கூருக்கும் இடையில், கடல் பக்கம் தென்னையும் உள்பக்கம் ரப்பருமாக இருந்த தோட்டம் அது. அவர் அங்கே இஞ்சின் டிரைவர். கொட்டகையில் இருந்த பெரிய டீசல் இஞ்சினும், பங்களாவுக்கும் ஆபீசுக்கும் விளக்கெரிய வைத்த சிறிய இஞ்சினும் அவர் பொறுப்பு. எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஒல்லியான ஆள். காக்கி அரைக்கால் சட்டை, இடுப்பில் செருகிய திருப்புளி. உட்கார்ந்து சாப்பிட்டதை யாரும் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, தொழிலாளர் வரிசை வீடுகள் இருந்த லயத்து வாசலில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தபடி சாப்பிடுவார். ரிப்பேருக்கு ஏதாவது கொண்டுபோனால் என்ன கோளாறு என்று கேட்க மாட்டார். நாம் சொல்லத் தொடங்கும்போதே திருகாணி இரண்டு கழன்றிருக்கும்.

"சொல்றதக் கேட்டா நீங்க நெனக்கிறதுதான் தெரியும். தொறந்தா அது என்னா நெனக்கிதுன்னு தெரியும்."

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசு சண்டையிட்ட அவசர காலத்தில், ஊரடங்கு என்றால் இப்படிப்பட்ட ஒருவருக்கு என்ன பொருள் என்பதை நான் பக்கத்தில் இருந்தே பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்தில் லோரி ஒன்றை எரித்துவிட்டார்கள் என்று எங்கள் லயங்களை முழுதாக இரண்டு நாள் அடைத்தார்கள். யாரும் வாசல் தாண்டக்கூடாது. முதல் நாள் காலையில் அவர் கடிகாரத்தைப் பிரித்துச் சேர்த்தார். பிறகு மண்ணெண்ணெய் அடுப்பு. மத்தியானம் பூட்டு. இரண்டாம் நாள் ரோந்து வந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள் அவர் வீட்டு முன்னால் நின்றுவிட்டார். நிலையில் கதவு இல்லை.

"கதவு எங்கய்யா?"

"கீல் கத்துச்சு. கழட்டி எண்ணெ போடுறேன்."

"ஊரடங்குல கதவக் கழட்டுனா என்னா அர்த்தம்?"

"நான் வெளிய வரலியே. கதவுதானே கழண்டிருக்கு."

உள்ளே இருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. "அவர ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கலா. ரெண்டு நாள் நானாவது நிம்மதியா இருக்கேன்."

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அரிசி போய்விடக்கூடாது என்பதற்காக, லயத்து வீடுகளில் வேகாத அரிசி ஒரு பிடிகூட வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவு. எல்லா அரிசியும் பொதுச் சமையல் கொட்டகையை ஒட்டிய கிடங்கில் பூட்டிக் கிடக்கும். அங்கேயே வெந்து, சோறாகத்தான் வீடுகளுக்குப் போகும். காலையில் வேலைக்குப் போகிறவர்களை, லயங்களைச் சுற்றிப் போட்ட கம்பி வேலியின் கேட்டில் நிறுத்தி, தூக்குச்சட்டியைத் திறந்து பார்ப்பார்கள். கிடங்கின் சாவி என்னிடம் இருந்தது. ஒரே சாவி.

டிரைவரின் மனைவிக்கு ஒரு தம்பி. பெயர் மாரி. அக்காவும் மாமாவும்தான் அவனை வளர்த்தார்கள். தேங்காய் பறிக்கும் வேலை. சண்டைச் சேவல் ஒன்று வைத்திருந்தான். ஒரு சனிக்கிழமை காலை கேட்டில் அவன் தலைத்துண்டை உதறச் சொன்னார்கள். முடிச்சிலிருந்து ஒரு பால் டின் அளவு குருணை கொட்டியது. சேவலுக்கு என்றான். சேவல் எங்கே என்று கேட்டார்கள். தென்னந்தோப்பில் கட்டியிருக்கிறேன் என்றான். தென்னந்தோப்பு வேலிக்கு வெளியே இருந்தது. அதற்கு மேல் அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கோல சிலாங்கூர் ஸ்டேசனுக்குக் கொண்டுபோனார்கள்.

வாரம் ஒருமுறை என் கிடங்கின் தரையைக் கூட்டியவன் மாரிதான். கூட்டியதை எங்கே கொட்டுகிறான் என்று நான் பார்த்ததில்லை.

அக்காக்காரி அன்றைக்கே ஸ்டேசனுக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை வரை அங்கேதான் வைத்திருப்பார்களாம். வெள்ளிக்கிழமை கிள்ளானுக்கு லோரி வரும். கிள்ளானிலிருந்து தடுப்பு முகாம். முகாமுக்குப் போனவர்களில் பல பேரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். மாரி பிறந்தது இதே லயத்தில். அதைச் சொல்ல அவனிடம் ஒரு காகிதமும் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு முன்னால், இவன் நல்ல வேலைக்காரன், எனக்குத் தெரிந்தவன் என்று தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை ஒரு கடிதம் கொடுத்தால் ஸ்டேசனிலேயே விட்டுவிடக் கூடும். எங்கள் தோட்டத்திலேயே முன்பு ஒருவரை அப்படி விட்டிருந்தார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, துரையின் ஏரோப்ளேன் தண்ணீரில் விழுந்தது.

அது விளையாட்டு ஏரோப்ளேன். இறக்கை இந்த நுனியிலிருந்து அந்த நுனிக்கு ஐந்தடி இருக்கும். காகிதம்போல் எடையில்லாத கட்டையில் செய்து, மெல்லிய பட்டுத்துணி ஒட்டி, பளபளப்பாக வார்னிஷ் பூசியது. மூக்கில் பெருவிரல் அளவு இஞ்சின். வயிற்றுக்குள் ஒரு ரிசீவர். துரை புல்தரையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு நிற்பார். பெட்டியில் உயரமான கம்பி, ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் மேலே போகிற ஏரோப்ளேன் திரும்பும். ரேடியோச் சாமான் வைத்திருந்தால் சந்தேகப்படுகிற நாளில், துரை போலீசிடம் சொல்லி அனுமதிக் காகிதம் வாங்கியிருந்தார். ஞாயிறு மாலை பாதித் தோட்டம் வேலியோரம் நின்று அதைப் பார்க்கும். துரை சிரித்து நாங்கள் பார்ப்பதும் அந்த ஒரு வேளைதான்.

அந்த ஞாயிறு பொத்தானை அழுத்தியும் அது திரும்பவில்லை. நேராகப் போய், கடலைத் தடுக்கப் போட்ட மண்கரைக்கு உள்ளே இருந்த கால்வாயில், மதகுக்குப் பக்கத்தில், மூக்குக் குத்தி விழுந்தது. கடல் ஏற்றத்தில் உள்ளே புகுந்த தண்ணீர். உப்பும் சேறும். எடுத்து வருவதற்குள் அரை மணி ஆகிவிட்டது.

திங்கள் காலை நானும் டிரைவரும் ஆபீஸ் வாசலில் துரை முன்னால் நின்றோம். நான் மாரி விஷயத்தைச் சொன்னேன். துரைக்குத் தோட்டத்துத் தமிழ் தெரியும். வேலை வாங்கும் மண்டோர்களிடம் கற்றுக்கொண்ட தமிழ். அதில் கட்டளைகள்தான் அதிகம்.

"இப்ப பேசாதே. ஏரோப்ளேன் கெட்டுப் போச்சு, தெரியாதா?" என்றார். பிறகு டிரைவரைப் பார்த்தார். "நீ ஏரோப்ளேன் செய். அது மேலே போகட்டும். பிறகு கடுதாசி பேசு."

"செஞ்சிர்றேன் துரை," என்றார் டிரைவர். அதைச் சொல்லும்போதே பாதிப் படி இறங்கியிருந்தார்.

நான் மத்தியானம் இஞ்சின் கொட்டகைக்குப் போனபோது, அவர் அதை மழைத்தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுத்துக்கொண்டிருந்தார். பங்களாச் சமையல்காரர் பக்கத்தில் நின்று தலையில் கை வைத்திருந்தார்.

"நனஞ்சத மறுபடி நனைக்கிறாரு பாருங்க கிராணியாரே. துரை என்னையத்தான் கேப்பாரு."

"உப்புத் தண்ணியிலதானே விழுந்துச்சு," என்றார் டிரைவர், திரும்பாமலே. "தண்ணி காஞ்சிரும். உப்பு காயாது. உள்ளயே குந்திக்கிட்டுத் தின்னும்."

சின்ன இஞ்சினை ஒரு மணி நேரத்தில் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் விட்டு, விரலால் சுழற்றிப் பார்த்துவிட்டார். இறக்கைகளை நிழலில் பலகைமேல் கிடத்தி, முறுக்கிக்கொள்ளாமல் இருக்க ஓரங்களில் நட்டுகளை வரிசையாக வைத்தார். கடைசியில் ரிசீவரைக் கையில் எடுத்தார். சோப்புப் பெட்டி அளவுதான். உள்ளே சுண்டுவிரல் போல ஒரு வால்வு, தலைமுடி போன்ற கம்பி சுற்றிய ஒரு சுருள். ஆஸ்பத்திரியில் வாங்கிய ஸ்பிரிட்டை ஊற்றி அலசினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுருளுக்குள் ஈரம் மின்னியது.

"வெயில்ல வச்சா சுருள்ல இருக்கிற மெழுகு உருகிரும். கொப்பரா சூளையில வச்சா எண்ணெப் பொக ஏறிரும்." என்னிடம் வந்து நின்றார். "கிள்ளான்ல போட்டோக் கடைக்காரரு லென்ச அரிசி டின்னுக்குள்ள போட்டு வைப்பாரு. ஈரம் அண்டாதாம். அரிசியில பொதைக்கணும் கிராணியாரே."

தோட்டத்தில் அரிசி இருந்தது ஒரே இடத்தில். அங்கிருந்து ஒரு பிடியை வெளியே கொடுத்தால் மாரிக்குப் பக்கத்தில் நானும் உட்கார வேண்டியதுதான். அரிசியை ரிசீவரிடம் கொண்டுபோக முடியாது, ரிசீவரை அரிசியிடம் கொண்டுபோகலாம் என்றேன். ஒரு துணியில் பொதிந்து, கிடங்கின் மூலையில் இருந்த மூட்டையின் வாயைப் பிரித்து, முழங்கை ஆழத்துக்குப் புதைத்தேன்.

"எத்தனை நாள்?"

"மூணு நாள்." சொல்லிவிட்டு அவர் போகவில்லை. அவர் முகத்தை இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நான் பார்த்தது அன்றைக்குத்தான். "பாலர் பள்ளி ரேடியோ வெள்ளத்துல நனஞ்சது ஒங்களுக்குத் தெரியாது. நீங்க வர்றதுக்கு முன்னாடி. ரெண்டாம் நாளே காஞ்சிருச்சுன்னு போட்டுப் பாத்தேன். பொக வந்து செத்துப் போச்சு. ஒரு வருசம் ரேடியோ இல்ல. என் கை அப்படிப்பட்ட கை. நான் வந்து கேட்டாலும் குடுக்காதீங்க."

"கொடுக்க மாட்டேன்."

"மூணு நாள் முழுசா. வியாழக்கெழம சாயந்தரம்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. வியாழன் மாலை எடுத்துப் பொருத்தினால் அன்றைக்கே பறக்கவிடலாம். துரை கடிதம் கொடுப்பார். வெள்ளி காலை ஆறு மணிக்குக் கேட் திறந்ததும் புறப்பட்டால், லோரி வருவதற்குள் ஸ்டேசனில் இருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு போலீஸ் அதிகாரி கிடங்கைப் பார்க்க வந்தார். வழக்கமான சோதனைதான். மூட்டைக்குள் வேறு எதுவும் மறைத்திருக்கிறதா என்று இரும்புக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். முதல் மூட்டையில் குத்தினார். அடுத்ததில் குத்தினார். மூலை மூட்டைக்கு முந்தியதில் குத்திவிட்டு, கம்பியைத் துடைத்துக் கான்ஸ்டபிளிடம் கொடுத்தார். அரிசி மூட்டைக்குள் ரேடியோ. அதற்கு நான் என்ன சொல்லியிருந்தாலும் யாரும் முதல் வாக்கியத்துக்கு மேல் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் ஜீப் புறப்பட்ட பிறகு, அதை உடனே வெளியே எடுத்துவிடலாமா என்று மூட்டை முன்னால் நின்றேன். எடுக்கவில்லை. வாக்குக் கொடுத்திருந்தேன்.

அந்த மூன்று நாளும் டிரைவர் கிடங்கைச் சுற்றிக்கொண்டிருந்தார். இஞ்சினை ஓடவிட்டுவிட்டு வருவார். பூட்டைப் பார்ப்பார், போவார். கிடங்கின் பலகைச் சுவரில் காதை வைத்துக் கேட்டதாகச் சமையல்கொட்டகைப் பெண்கள் சொன்னார்கள்.

"என்னா டிரைவரே, உள்ள ஏதும் பேசுதா?"

"பேசல. வேர்க்கிது போல."

"அரிசிக்கு வேர்த்தா சோறு கொழஞ்சிரும், பாத்துக்குங்க."

அவர் மனைவி ஒருநாள் மாலை அந்தப் பக்கம் வந்தார். சேவலைத் தேடிப்பிடித்துக் கூடையில் போட்டிருந்தார். "தம்பி, காஞ்சிருமா?" என்று மட்டும் கேட்டார். காய்ந்துவிடும் என்றேன்.

புதன்கிழமை மாலை ஐந்து மணி இருக்கும். நான் கிடங்கைப் பூட்டிக்கொண்டிருந்தேன். டிரைவர் வந்து கதவில் கை வைத்தார்.

"எடுத்துருவோம்."

"நாளைக்குத்தானே அண்ணே."

"காஞ்சிருக்கும். ரெண்டு நாள் வெயில் நல்ல வெயிலு. கிடங்கு அடுப்பாட்டம் இருக்கு."

"நீங்கதான் மூணு நாள் சொன்னீங்க."

"நாந்தான் சொன்னேன். இப்பவும் நாந்தான் சொல்றேன். இன்னும் ஒரு மணி நேரம் வெளிச்சம் இருக்கு. துரை பங்களாவுலதான் இருக்காரு. இப்பப் பொருத்தினா ஏத்திரலாம். கடுதாசிய வாங்கிட்டு நாளைக்குக் காலையில நான் ஸ்டேசன்ல நிப்பேன்."

"புகைஞ்சு போனா?"

அவர் தழும்புக் கையால் பூட்டைப் பிடித்து ஒருமுறை ஆட்டினார்.

"கேட்டாலும் கொடுக்காதீங்கன்னு சொன்னீங்க அண்ணே," என்றேன். "ஒரு நாள்தான். லோரி வெள்ளிக்கிழமைதானே."

"ஆமா. வெள்ளிக்கெழமதான்." கையை எடுத்தார். "நீங்க சொல்றது சரிதான். என் கைய நம்பக்கூடாது." அவர் போகும்போது நடந்துதான் போனார். சற்றுத் தூரம் போனதும் ஓடினார்.

வியாழன் மாலை நாலு மணிக்கு மூட்டையைத் திறந்தேன். டிரைவர் துணியைப் பிரித்து ரிசீவரைக் கிடங்கிலிருந்த என் மேசைமேல் கவிழ்த்துத் தட்டினார். சுருளின் இடுக்கிலிருந்து ஐந்தாறு அரிசி விழுந்தது. அதை விரலால் ஒற்றி மூட்டையில் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார். ஈரமே இல்லை. புது பேட்டரி வைத்துப் பொருத்தினார். துரை பெட்டியுடன் புல்தரைக்கு வந்தார். பொத்தானை அழுத்தினார். வால் திரும்பியது. மறுபடி அழுத்தினார். மறுபக்கம் திரும்பியது.

அது பறந்தது. தென்னை உயரத்துக்கு மேலே போய், சொன்ன இடத்தில் சொன்ன பக்கம் திரும்பியது. வேலியோரம் கைதட்டினார்கள். துரை ஜீப்பின் மூக்கில் காகிதத்தை வைத்து ஆங்கிலத்தில் ஒன்பது வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். நல்ல கடிதம். இவனை எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும், இவனுக்கு நான் பொறுப்பு என்று எழுதியிருந்தார். அப்போது மணி ஐந்தே முக்கால். ஆறு மணிக்குக் கேட் சாத்திவிடுவார்கள்.

வெள்ளி காலை இருவரும் சைக்கிளில் போனோம். ஏழு மைல். அவர் எனக்கு அரை மைல் முன்னால் போவதும், நின்று காத்திருப்பதும், மறுபடி போவதுமாக இருந்தார். ஸ்டேசனில் ஒரு தமிழ்ப் போலீஸ்காரர் கடிதத்தை வாங்கி, முதல் வரியில் இருந்த பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"மாரியா? சேவல்காரன்தானே? நேத்து மத்தியானமே லோரியில ஏத்தியாச்சே."

"வெள்ளிக்கெழமன்னாங்க," என்றார் டிரைவர்.

"உள்ள ஆளு நெறஞ்சு போச்சு. லோரி ஒரு நாள் முந்தி வந்திருச்சு. நேத்துக் காலையில வந்திருந்தா ஸ்டேசன் பெரியவரே பாத்து விட்டிருப்பாரு. துரை கடுதாசின்னா மறுக்க மாட்டாரு."

கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். கிள்ளானுக்கு அனுப்பிப் பாருங்கள் என்றார்.

டிரைவர் என்னைப் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது சைக்கிளில் ஏறவும் இல்லை. ஏழு மைலும் அதை உருட்டிக்கொண்டே நடந்தார். நானும் நடந்தேன். வழியில் அவர் ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று எனக்கு இருந்தது. திட்டினாலும் போதும்.

கடிதத்தைக் கிள்ளானுக்கு அனுப்பினோம். அங்கிருந்து முகாமுக்குப் போய்விட்டான் என்று முகாமுக்கு அனுப்பினார்கள். முகாமில் விசாரணை முடிந்துவிட்டது என்றார்கள். நாலு மாதத்துக்குப் பிறகு மாரியைக் கப்பலேற்றினார்கள். நாகப்பட்டினத்திலிருந்து அக்காவுக்கு ஒரு கார்டு வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். இங்கே என்னை மலாயாக்காரன் என்று கூப்பிடுகிறார்கள், எந்த ஊர் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை என்று எழுதியிருந்தான்.

புதன்கிழமை எடுத்திருந்தால் அது வேலை செய்திருக்குமா? ஈரத்தில் புகைந்து போயிருக்கலாம். துரை கோபத்தில் கடிதமே கொடுக்காமல் இருந்திருக்கலாம். இதையெல்லாம் எனக்கு நானே பல முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

கார்டு வந்து சில வாரங்கள் கழித்து ஏரோப்ளேன் மறுபடியும் அதே கால்வாயில் விழுந்தது. துரை உடனே கொட்டகைக்கு அனுப்பிவிட்டார். இந்த முறை கோபப்படவில்லை. எப்படியும் சரியாகிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

டிரைவர் அதை வாங்கிப் பலகைமேல் வைத்தார். நல்ல தண்ணீரில் முக்கவில்லை. திருப்புளியை எடுக்கவில்லை. கொண்டுவந்தவர்கள் எப்படிக் கொடுத்தார்களோ அப்படியே, சேறு ஒழுக வைத்துவிட்டு, ஒரு சாக்கைப் போட்டு மூடினார். பக்கத்தில் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் துரை கேட்டார்.

"இன்னும் காயல, துரை."

ஒரு வாரம் கழித்துக் கேட்டார்.

"அவசரப்பட்டா பொகஞ்சிரும், துரை. காயட்டும்."

அவசரப்படக்கூடாது என்று டிரைவர் சொல்வதைத் துரை மெச்சிக்கொண்டார். ஆளுக்கு இப்போது நிதானம் வந்துவிட்டது என்று மண்டோரிடம் சொன்னாராம்.

மூன்றாவது வாரம் ஆபீசில் என்னைக் கூப்பிட்டார். "கிராணி, நீ போய்ப் பாத்தாயா? எப்படி இருக்கு?"

அன்று காலைதான் பார்த்திருந்தேன். டிரைவர் பெட்டிமேல் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சாக்கை விலக்கினேன். பட்டுத்துணியில் பச்சையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. சின்ன இஞ்சின் துருவில் இறுகிப் போயிருந்தது. ஒரு பக்கத்து இறக்கையைச் சற்றே தூக்கினேன். உள்ளே கால்வாய்த் தண்ணீர் அந்தப் பக்கம் புரண்டு போகும் சத்தம் கேட்டது. டிரைவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறக்கையைக் கீழே வைத்து, சாக்கை இழுத்து மூடிவிட்டு வந்தேன்.

"நல்லா காயுது, துரை," என்றேன். "இன்னும் மூணு நாள் ஆகும்."